இரண்டு பேர் பாஷை

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார்.

டிசம்பரில் ஒரு சின்ன விபத்து. சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் கடையின் பார்சல் பிரிவில் சாமான் ஏற்றும் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அதன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும்போது கை நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்களில் எலும்பு உடைந்து கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. விரல்தான் மடங்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்து மடக்கிப் பார்க்கிறேன், முளைக்குச்சி மாதிரி விறைத்து நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறாராம். அடுத்த வாரம் போகிறோம்.

இன்னும் சொல்ல இருக்கிறது. அத்தான் தன் கை வலிக்கிறது என்கிறார். கை வலியைப் பற்றி என்னிடமே சொல்கிறார் பார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வணக்கம். இருமல் போய்விட்டது, மற்றபடியும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அத்தானின் எழுத்தைப் படித்து முடிக்க ஒரு சாயங்காலம் பிடித்தது. மருந்துக்கடைக்காரர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அத்தான் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அம்மா இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு அவ்வளவு இடம். இப்போது சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரிகிறது. வேலை அதே பாட்டில் கம்பெனியில்தான். கழுவிய பாட்டில்கள் வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து வரும். அழுக்கோ விரிசலோ இருந்தால் எடுத்து ஓரம் வைக்க வேண்டும். பாட்டில்கள் இடித்துக்கொள்ளும் சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். என்னைப் பிறக்கும்போதே பஞ்சு வைத்து அனுப்பிவிட்டதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. காது கேட்காதவனுக்கென்றே செய்த வேலை என்று சூப்பர்வைசர் எழுதிக் காட்டினார்.

எந்தக் கை, எந்த இரண்டு விரல் என்று நீ எழுதவில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்தது, உன் சுகம் அறிந்து நிம்மதி. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே பேனாவைச் செருகிக்கொண்டால் எழுத வருகிறது. கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

கை டாக்டர் என்னைவிடச் சின்னவள். எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் மாட்டி, “ரெண்டு விரல்லயும் நடு மூட்டு நொறுங்கிப்போச்சும்மா. எலும்பு முனை வழவழன்னு இருந்தாதான் வழுக்கிக்கிட்டு மடங்கும். இங்க கரடுமுரடாயிடுச்சு” என்றாள். சுற்றியிருக்கும் தசைநாரை மட்டும் விடுவித்துப் பார்க்கும் ஆபரேஷன் ஒன்று உண்டாம். மூட்டு நன்றாக இருந்தால்தான் அது பலிக்குமாம், எனக்கு உதவாது.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, மூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் ஒட்டவைத்துவிடுவது. வலி போய்விடும், பலமாக இருக்கும், ஆயுசுக்கும் அப்படியே. ஆனால் அந்த இடத்தில் மடங்கவே மடங்காது. இன்னொன்று, மூட்டு இருந்த இடத்தில் சிலிகானில் செய்த சின்ன மூட்டு ஒன்றைச் செருகுவது. அதற்கு அசைவு உண்டு. பழையபடி முழுதாக இல்லை, பாதி வந்தாலே பெரிது. கனமாகத் தூக்கக்கூடாது, இறுக்கிப் பிடித்து இழுக்கக்கூடாது. சில வருஷத்தில் உடைந்தாலும் உடையலாம். கால்விரல் மூட்டை எடுத்துக் கையில் வைப்பதும் உண்டாம், ஆனால் இங்கே செய்வதில்லை என்றாள். அத்தான் அதற்குள் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டார்.

ஆள்காட்டி விரலை ஒட்டவைப்பதுதான் நல்லது என்பது டாக்டரின் கட்சி. கட்டைவிரலோடு சேர்த்து எதையாவது கிள்ளிப் பிடிக்கும்போது பாரம் முழுக்க அதன்மேல்தான் விழுமாம், சிலிகான் பக்கவாட்டில் சாய்ந்துபோகுமாம். “பார்சல் கட்டற வேலைன்னா ரெண்டையுமே ஒட்டிடலாம்மா. எவ்வளவு வளைஞ்சு நிக்கணும்னு மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க” என்றாள். விரலைக் கொஞ்சம் வளைத்து, தகடு வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறாள். இதே வளைவில் எல்லா வேலையும் செய்து பார்க்க வேண்டும். பொத்தான் போட முடிகிறது, டம்ளர் பிடிக்க முடிகிறது, கயிறும் இழுக்க முடிகிறது. எங்கள் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். “பேசாம ஒட்டிக்குங்க, நீங்க இல்லாம பார்சல் எல்லாம் அவுந்துபோகுது” என்கிறார். அத்தானும் அதைத்தான் சொல்கிறார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். கம்பெனியில் வேலை அதிகம். வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஒட்டவைத்துக்கொள். ஒரே ஆபரேஷன், வலி போய்விடும், வேலையும் போகாது. பாதி மடங்கி, பாதி வலித்து, பிறகு உடைந்துபோகும் மூட்டு யாருக்கு வேண்டும்? இப்போது விரலை மடக்கி நீ என்ன செய்யப்போகிறாய்? நமக்குள் என்ன, எழுதிக்கொண்டால் போதாதா? கைப்பேச்சு எல்லாம் சின்ன வயசு விஷயம். நாம் பார்த்தும் வருஷமாகிறது.

இங்கே எனக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் தினமும் நிறுத்திப் பேசுகிறார். நான் உதட்டைப் படிக்க வேண்டும் என்று வாயை எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு திறக்கிறார். பல் டாக்டர் வேலைக்குப் போய்விட்டேனோ என்று தோன்றும். சொல்வது ஒன்றும் புரியாது, ஆனால் நல்ல மனுஷன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒரே மேசையில்தான் உட்காருகிறோம். யாராவது சிரித்தால் நானும் சிரித்துவைக்கிறேன். அறைக்கு ஒரு பெரிய கண்ணாடி வாங்கியிருக்கிறேன், இடுப்பு வரை தெரியும். முகம் மழிக்கத்தான்.

ஆபரேஷன் தேதி தெரிந்தால் எழுது. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள வாலு,

அத்தான் நலம், நான் நலம். நீ நலம் என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

முகம் மழிக்க இடுப்பு வரை தெரியும் கண்ணாடி எதற்கு? மறைக்காமல் சொல். அம்மா போன பிறகு நீ யாரோடு பேசினாய்? வாயைத் திறந்து காட்டுகிறவர்களைக் கேட்கவில்லை. கையால் யாரோடு பேசினாய்?

நேற்று அத்தானோடு டாக்டரிடம் போனேன். இரண்டு விரலுக்கும் அசைகிற மூட்டுதான் வேண்டும் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. “நடுவிரலுக்கு வச்சுடலாம். ஆள்காட்டிக்கு வேண்டாம்னுதானே சொன்னேன்? அப்படி எதுக்கும்மா உங்களுக்கு அது மடங்கணும்? தைக்கிறீங்களா, வாத்தியம் ஏதாவது வாசிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

“பேசணும்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்கு ஒரு தம்பி, பிறந்ததிலிருந்து காது கேட்காது, கைப்பேச்சு சொல்லித்தரும் பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் கிடையாது, அதனால் அம்மாவும் நானும் அவனுமாக வீட்டுக்குள்ளேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம் என்று சொன்னேன். இடது கையால் கொஞ்சம் காட்டினேன். மழை, சண்டை போடாதே, பால் பொங்குகிறது, பொய் சொல்கிறாய். ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு விரல்தான் முன்னால் வருகிறது. இத்தனை நாளும் இது எனக்கே தெரியாது.

“வேற யாருக்கெல்லாம் இது தெரியும்?”

“யாருக்கும் தெரியாது டாக்டர். அம்மா தவறிட்டாங்க. இப்ப மொத்தமே ரெண்டு பேர்தான். ஒருத்திக்கு விரல் போச்சுன்னா அந்தப் பாஷையே போச்சு.”

அவள் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, “ஆள்காட்டி சரியா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பார்சல் கட்ட முடியாது. உடைஞ்சுதுன்னா கடைசியில ஒட்டத்தான் வேணும். இதெல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?” என்றாள். தெரிந்துதான் கேட்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஜூன் முதல் வாரம்.

பஸ்ஸில் வரும்போது அத்தான் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கோபம் எனக்குப் பழக்கம்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

மே 3

அக்காவுக்கு,

நலம். எனக்காக என்றால் வேண்டாம். உன் கை உனக்குச் சோறு போடுகிற கை. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். டாக்டர் சொல்கிறபடி ஒட்டவைத்துக்கொள்.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள வாலு,

சொல்வது அக்கா, எழுதுவது அத்தான். உன் மே மாதக் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. ஆபரேஷன் முடிந்தது, இரண்டு விரலிலும் புது மூட்டு. கவலைப்படாதே, காய்ச்சல் எதுவும் இல்லை. முன்கையில் ஒரு சட்டம் கட்டியிருக்கிறார்கள். அதன் மேல்கம்பியிலிருந்து ரப்பர் பட்டை இறங்கி விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. நான் மெல்ல மடக்க வேண்டும், ரப்பர் திரும்ப நிமிர்த்திவிடும். தினமும் பல தடவை. பயிற்சி கொடுக்கும் பெண், “அவசரப்பட்டா எல்லாம் வீணாப்போகும்” என்கிறாள். பார்க்கப் பொம்மலாட்டம் மாதிரி இருக்கிறது. நீ இருந்தால் சிரிப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா

இனி அத்தான். அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவள் சொல்லாததை எழுதுகிறேன். கடையில் அவளைப் பார்சல் பிரிவிலிருந்து எடுத்து, ரசீது கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அதைச் சொல்லவே மாட்டேன் என்கிறாள். இன்னொன்று. சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அந்தச் சட்டத்தோடு ஏதோ காட்டிக்கொண்டே இருக்கிறாள். காட்டிவிட்டு நிறுத்துகிறாள், மறுபடி காட்டுகிறாள். கேட்டால் பயிற்சி என்கிறாள். டாக்டர் சொன்ன பயிற்சி அது இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

ஜூலை 28

அன்புள்ள வாலு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? கோபமா? கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுது.

பகலில் சட்டத்தைக் கழற்றிவிட்டார்கள். நடுவிரல் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மடங்குகிறது, டாக்டருக்கே ஆச்சரியம். ஆள்காட்டி பிடிவாதக்காரி. லேசாகத் தலையசைத்துவிட்டு நின்றுவிடுகிறாள். இதற்குமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். வராவிட்டால் போகிறது.

தபால்காரர் எங்கள் தெருவுக்கு மத்தியானம் வருகிறார். நான் வேலையில் இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபமும் இல்லை. உன் விரலை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். அத்தான் எழுதிய அந்தப் பகுதியைப் படித்த பிறகு பேனா எடுத்தால் ஒன்றும் வரவில்லை. நீ சுவரிடம் பேசுகிறாய் என்று எழுதியிருந்தார்.

ஏப்ரலில் ஒன்று கேட்டாய். அம்மா போன பிறகு யாரோடும் பேசவில்லை. கண்ணாடியோடுதான். முதலில் வேடிக்கையாகத்தான் செய்தேன். வேலை விட்டு வந்து, இன்று நடந்ததைக் கண்ணாடிக்குச் சொல்வேன். சூப்பர்வைசர் வழுக்கி விழப் பார்த்தது, சைக்கிள் கடைப் பூனை குட்டி போட்டது. அதில் இருப்பவன் நான் சொல்வதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு கேள்வி கேட்பதில்லை. போன மாதம் ‘புளிப்பு’க்கு நம் கைப்பேச்சில் என்ன என்று மறந்துபோய்விட்டது. அன்றைக்கு முழுக்க யோசித்தும் வரவில்லை. கேட்க யாருமில்லை.

செப்டம்பர் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். மூன்று நாள் கிடைக்கும். அத்தானுக்குச் சிரமம் இல்லையென்றால் வருகிறேன்.

உன் தம்பி

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கவனித்துக்கொண்ட விதத்தில் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

அக்கா, பேசிப் பேசி என் தோள்பட்டை வலி இன்னும் போகவில்லை. முதல் நாள் நீ சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, உனக்கும் அது தெரியும். உன் விரல்கள் கொன்னிக்கொன்னிப் பேசின. நீ மழை என்று சொன்னதை நான் கீரை என்று எடுத்துக்கொண்டு, கீரையா, இந்நேரத்திலா என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டு என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போனாய். நாம் சிரித்த சிரிப்பில் அத்தான் எழுந்து வந்து, இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என்ன என்று தெரியாமல் அவரும் சிரித்தார். இரண்டாம் நாள் உன் கொன்னல் எனக்குப் பழகிவிட்டது. அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் தடங்கல் இல்லை. அம்மாவுக்கு நம் பேச்சில் உள்ளங்கை போதும், விரல் வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். புறப்படும்போது நான் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், நீ கீழே நின்றாய். பஸ் நகரும்போது கையைத் தூக்கி ஏதோ சொன்னாய். நான் தலையாட்டினேன். உண்மையில் எனக்குப் புரியவில்லை. கதவைப் பூட்டு என்றால் நாம் இரண்டு விரலையும் மடக்கித் திருப்புவோம். கூட வந்துவிடு என்றால் இரண்டு விரலையும் மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுப்போம். உன் விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. கை திரும்பியதா, இழுத்ததா என்று பார்ப்பதற்குள் குறுக்கே ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கதவைப் பூட்டு என்றுதான் இருக்கும். நான் பூட்ட மறப்பவன்தானே, அம்மாவும் தினம் அதைத்தான் சொல்வாள். ஆனாலும் கேட்கிறேன். எது சொன்னாய்?

உன் தம்பி

அக்டோபர் 15

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தோள்வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அத்தான் நலம். எனக்கு ஆள்காட்டி விரலில் கொஞ்சம் வீக்கம், பயப்படும்படி இல்லை என்கிறாள் டாக்டர்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் சொன்னது கதவைப் பூட்டு என்றுதான். பஸ் நகர்ந்ததும் கை தானாகத் தூக்கிக்கொண்டது, வாயில் வருவது மாதிரி அது வந்துவிட்டது. மற்றதை நான் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். கடைசிப் பகுதி வந்ததும் என்னால் படிக்க முடியவில்லை, அவரே வாங்கிப் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “அவனை இங்க வரச் சொல்லலாமேன்னு நீ என்னைக்காவது என்கிட்ட கேட்டியா?” என்றார்.

“நீங்க என்ன சொல்வீங்களோன்னு இருந்தது” என்றேன்.

“நானும் நீ கேக்கட்டும்னுதான் இருந்தேன்” என்றார்.

மூன்று பேரும் இப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

வீடு எப்படி என்று நீயே பார்த்தாய். முன் அறையில் நீ படுத்தால் காலை நீட்டினால் கதவில் இடிக்கும். இந்த ஊரில் பாட்டில் கம்பெனி கிடையாது. வேலை உடனே கிடைக்காது, கொஞ்ச நாள் சும்மா இருக்க வேண்டியிருக்கும், அது உனக்குப் பிடிக்காது. என் விரல் எத்தனை வருஷம் தாங்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. எல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஒன்று சொன்னேன், விரல் வேறு மாதிரி காட்டிவிட்டது. விரல் சொன்னதையே வைத்துக்கொள்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.

அக்கா